மீன்களுக்கு வழி தேடியவர்

இங்கிலாந்தின் தென்பகுதியில் ஓடும் சில ஆறுகளின் நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். மழைநீர் வெண்மையான சுண்ணாம்புப் பாறைகளுக்குள் ஊறி, வடிகட்டப்பட்டு, ஊற்றாக வெளிவருவதே இதற்குக் காரணம். இந்தக் குளிர்ந்த நீரில் டிரவுட், சால்மன் போன்ற மீன்கள் வாழ்கின்றன. அவை ஆற்றுப்படுகையிலுள்ள கூழாங்கற்களுக்கு இடையே முட்டையிடுகின்றன.

இத்தகைய மீன்களுக்காக உழைத்தவர் பிராங்க் பக்லாண்ட். இவர் 1826ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். இவருடைய தந்தை வில்லியம் பக்லாண்ட் புகழ்பெற்ற நிலவியல் அறிஞர். பிராங்க் பயின்ற வின்செஸ்டர் பள்ளிக்கு அருகே இட்சன் என்னும் சுண்ணாம்புப் பாறை ஆறு ஓடியது. பிற்காலத்தில் இவர் இராணுவத்தில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். ஆயினும், இவருடைய மனம் மீன்களையே நாடியது.

அக்காலத்தில் பல ஆறுகளில் தொழிற்சாலைக் கழிவுகள் கலந்தன. ஆலைகளுக்காகக் கட்டப்பட்ட தடுப்பணைகள், முட்டையிடக் கடலிலிருந்து வரும் சால்மன் மீன்களை வழிமறித்தன. மீன்களின் எண்ணிக்கை குறைவதைக் கண்ட பக்லாண்ட், முட்டைகளை ஓடும் நீரில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையைப் பரப்பினார். 1864இல் பனிக்கட்டிகளுக்கு இடையே வைத்து டாஸ்மேனியாவுக்குக் கப்பலில் மீன் முட்டைகளை அனுப்பும் முயற்சிக்கும் உதவினார். அவற்றுள் இட்சன் ஆற்று டிரவுட் முட்டைகளும் இருந்தன. அங்கு டிரவுட் பெருகியது. ஆனால், அது உள்ளூர்ச் சிறுமீன்களை இரையாக்கியதால் அவை குறையத் தொடங்கின. அந்நிய மீன் புதிய ஆற்றுக்குத் தீங்காகலாம் என்பதை அன்று பலரும் உணரவில்லை.

1867இல் பக்லாண்ட் சால்மன் மீன்வள ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். ஆறு ஆறாகச் சென்று, தடுப்பணைகளில் மீன்கள் ஏறிச் செல்லப் படிகள் அமைக்குமாறு உரிமையாளர்களிடம் வலியுறுத்தினார். மீன் முட்டைகளைச் சேகரிக்கக் கடுங்குளிரிலும் நீரில் இறங்கினார். அந்த உழைப்பு இவருடைய உடல்நலத்தைப் பாதித்தது. 1880ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், 54 வயதில் காலமானார். தாம் திரட்டிய மீன் அருங்காட்சியகப் பொருள்களை நாட்டுக்கே விட்டுச் சென்றார்.

இன்று சுண்ணாம்புப் பாறை ஆறுகளுக்கு வேறு ஆபத்துகளும் வந்துள்ளன. குடிநீருக்காக நிலத்தடி நீர் அதிகமாக எடுக்கப்படுவதால் ஊற்றுகள் வற்றுகின்றன. வயல்களிலிருந்து வரும் சேறு கூழாங்கற்களை மூடி, முட்டைகளை அழிக்கிறது. குஞ்சுகளை எவ்வளவு பொரித்தாலும், அவை வாழத் தூய்மையான ஆறு வேண்டும். அந்த ஆற்றில் தடையின்றிச் செல்ல வழியும் வேண்டும். அந்த வழிக்காகவே பக்லாண்ட் தம் இறுதிக்காலம்வரை உழைத்தார்.