வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி

நம்ம மல்லாங்கிணறுப் பக்கம் வானம் பார்த்த பூமி. இங்கே படித்து என்ன ஆகப் போகிறோம் என்று அலுத்துக்கொள்பவர்களுக்காக இந்தக் கதை.

இதே விருதுநகர் மாவட்டத்தில், மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது வத்திராயிருப்பு. 1898 டிசம்பர் 4-ல் அங்கே பிறந்தவர் கே.எஸ்.கிருஷ்ணன். அப்பா விவசாயம் பார்த்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு, அப்புறம் மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. படித்து முடித்ததும் அங்கேயே கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. மதிய இடைவேளையில் யார் என்ன சந்தேகம் கேட்டாலும் விளக்குவாராம். பக்கத்துக் கல்லூரி மாணவர்கள்கூட வந்து கூடுவார்கள்!

பிறகு கல்கத்தாவில் சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி. 1928-ல் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டபோது கூடவே உழைத்தவர் இவர். 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும்தான் கிடைத்தது. கிருஷ்ணன் சோர்ந்து உட்காரவில்லை. டாக்காவில் மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எப்படித் திரும்புகிறது என்று அளந்துகொண்டிருந்தார்.

1939-ல் கங்குலியோடு சேர்ந்து கிராஃபைட் படிகத்தின் மின்கடத்தலை அளந்தார். அடுக்கின் வழியே மின்சாரம் சுலபமாக ஓடுகிறது. அடுக்குக்குக் குறுக்கே விட்டால் திணறுகிறது! ஒரே பொருள், ஆனால் திசைக்குத் திசை வேறு கடத்துதிறன்.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? நம் உடம்புத் தசையும் அப்படித்தான். நாரின் வழியே நன்றாகக் கடத்தும், குறுக்கே குறைவாகக் கடத்தும். மார்பைச் சுற்றி எலெக்ட்ரோடு ஒட்டி, மிகச் சிறிய மின்னோட்டம் விட்டு, தோலில் வோல்டேஜை அளந்து நுரையீரலைப் படமாக்கும் முறை 1980-களில் வளர்ந்தது. மூச்சை இழுத்தால் காற்று நிறைந்து மின்தடை கூடும், விட்டால் குறையும். தசை, ரத்தம், கொழுப்பு ஒவ்வொன்றும் எவ்வளவு கடத்தும் என்ற அளவைத் தப்பாக வைத்துக் கணக்குப் போட்டால் படமும் தப்பாகிவிடும். கிருஷ்ணன் இந்தக் கருவியைச் செய்யவில்லை. ஆனால் திசை பார்த்து அளக்கணும் என்ற பாடம் அவருடைய கிராஃபைட்டிலும் இருக்கிறது.

1940-ல் எஃப்.ஆர்.எஸ்., 1946-ல் சர் பட்டம். 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். நாட்டின் அளவுகளுக்கே காவலாக நிற்கிற இடம் அது! 1961-ல் மறைந்தார்.

நாமோ லேப்பில் ரீடிங் சரியாக வரவில்லை என்றால் பக்கத்து ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிடுகிறோம். இனிமேல் அப்படி எழுதக் கை போகும்போது, வத்திராயிருப்புக்காரரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோம். திரும்ப ஒருதரம் அளப்போம்!