சின்னண்ணன் விட்டுச்சென்ற பாடம்

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் வசிக்கும் என்னைக் காண, அண்மையில் பழைய மாணவி ஒருவர் வந்திருந்தார். ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில் ஈராண்டு தன்னார்வத் தொண்டாற்றச் செல்கிறாராம். அங்குள்ள மக்களுக்கு எதைக் கற்பிக்கலாம் என்று கேட்டார். விடையாக, நம் மண்ணுக்கு அவ்வாறு வந்த ஒருவரின் வாழ்க்கையைச் சொன்னேன்.

எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்தில் நூல் ஆலைகளால் செல்வம் சேர்த்த குடும்பத்தில் 1891-இல் பிறந்தவர், மருத்துவம் பயின்றவர். பிரிட்டனில் தமிழ் மருத்துவர் ச. ஜேசுதாசனுடன் ஏற்பட்ட நட்பு அவர் வாழ்வைத் திசைதிருப்பியது. இருவரும் 1921-இல், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். மணவாழ்வைத் துறந்து, கதர் உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, ஏழை எளியவர்களுக்கு மருத்துவம் பார்த்தனர். அவர்கள் எழுப்பிய வழிபாட்டுக் கூடமும் கோபுரத்துடன் தமிழகக் கோயில்களின் அமைப்பிலேயே உருவானது.

ஆசிரமத்தில் ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். பொருளியல் பயின்ற என்னை வியக்கவைப்பது இந்த அழைப்புமுறைதான். ஆள்வோரின் இனத்தவர், செல்வந்தர். அக்கால வழக்கப்படி தலைமை இருக்கை அவருக்கே உரியது. பணம் தருபவரே தேவை எதுவென்று தீர்மானிப்பது இன்றைய வளர்ச்சித் திட்டங்களிலும் மாறாத நடைமுறை. பேட்டனோ இளையவரின் இடத்தை விரும்பி ஏற்றார்.

அதற்கான விலையையும் அவர் கொடுத்தார். அந்நியத் துணிக்கடைகள் முன் மறியல் நடந்துகொண்டிருந்த 1932-இல், சென்னை வீதியில் கதராடையுடன் நின்ற அவரைக் காவலர்கள் அடித்தனர். இச்செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை சென்றது. நாடு விடுதலை பெற்ற பின்னும் அவர் திரும்பிச் செல்லவில்லை. பெரியண்ணன் 1969-இல் மறைந்தார். மறு ஆண்டே சின்னண்ணனும் மறைந்தார்.

இதைச் சொல்லும்போது என் பிழையொன்றும் நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன், முடிச்சூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு மாணவர்களை முகாமுக்கு அழைத்துச் சென்று, பத்து நாளில் மண்சாலை ஒன்று அமைத்தோம். முதல் மழையிலேயே தண்ணீர் தெருவில் தேங்கியது. ஏரிக்குச் செல்லும் வரத்துக்காலை எங்கள் சாலை அடைத்துவிட்டது. கால்வாய் எங்கே ஓடுகிறதென்பது அவ்வூர்ப் பெரியவர்கள் அனைவருக்கும் தெரியும். நாங்கள் ஒருவரையும் கேட்கவில்லை.

அரை நூற்றாண்டுக் காலம் ஓர் அயலூரில் தங்கிவிட எல்லாராலும் இயலாது. என் மாணவியிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் ஈராண்டு போதும், கேட்டுச் செய்வதற்கு. கற்பிக்க வேண்டியவற்றின் பட்டியலைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். போன இடத்தில் முதலில் ஒரு பெரியண்ணனைத் தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அவரை வழியனுப்பினேன்.