ஸர் ராம்நாத் சோப்ரா

ஆறுமுகநேரியில் உப்பளமும் பனைமரமும் அறியாதாரில்லை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடிவது பதநீர். சுண்ணாம்பின்றேல் அதுவே புளித்துக் கள்ளாகும். ஒரே பாளையினின்று பிறந்த இரண்டனுள் ஒன்று கருப்பட்டியாகிக் குடும்பத்தைத் தாங்க, மற்றொன்று அதனைக் கவிழ்க்கின்றது. கள்ளிறக்கத் தடைசெய்யப்பட்ட பின்னரும் வேறு மதுக்களால் அழியும் வீடுகள் பல. குடியைப் பாவமென்று கண்டிப்போர் பலர். போதையை நோயென்று கருதி ஆராய்ந்தோர் சிலரே. அச்சிலருள் நம் தேசத்தில் முற்பட்டவரான ஸர் ராம்நாத் சோப்ராவின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

இவர் 1882-ஆம் ஆண்டு, இப்பொழுது பாகிஸ்தானத்தைச் சேர்ந்துள்ள குஜ்ரன்வாலாவிற் பிறந்தார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் டிக்ஸன் என்னும் ஆசிரியரிடம் மருந்தியல் பயின்று, 1908-ல் அரசாங்க வைத்திய சேவையிற் சேர்ந்தார். 1921-ல் கல்கத்தா உஷ்ணப்பிரதேச வைத்தியக் கலாசாலையில் மருந்தியற் பேராசிரியரானார். 1930-ல் அமைந்த மருந்து விசாரணைக் குழுவிற்கு இவரே தலைவர். அக்குழுவின் அறிக்கையே 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்திற்கு அடிப்படையாயிற்று. 1941-ல் ஸர் பட்டம் பெற்றார்.

பாட்டன் கூறினான் என்பதுகொண்டு ஒரு மூலிகையை ஏற்பதும், அதுகொண்டே தள்ளுவதும் அறிவன்று என்பது இவரது கொள்கை. மூலிகையின் சத்தைப் பிரித்து, பிராணிகளுக்கு அளவறிந்து கொடுத்து, இருதயமும் சுவாசமும் இரத்த அழுத்தமும் மாறுமாற்றைக் குறித்தார். இவ்வாறே சர்ப்பகந்தி வேரினை இவரும் துணைவரும் சோதித்து 1933-ல் முடிவினை வெளியிட்டனர்.

ஆயினும், பிராணி கூறாதன சில உண்டென்பதை இவர் மறந்திலர். கடன்பட்டுக் குடிக்கும் எலியில்லை. மனைவியின் தாலியை அடகு வைக்கும் முயலுமில்லை. ஆதலின் அபின் உண்போரைக் குறித்துத் தனியே விரிவாக ஆராய்ந்தார். 1942-ல் இந்திய மதுபானங்களைப் பற்றியும் எழுதினார்.

இவ்விரு வழிகளும் வேண்டுமென்பதைப் பிற்கால நிகழ்ச்சிகள் மெய்ப்பித்தன. டென்மார்க்கில் ஹால்ட், ஜாக்கப்ஸென் என்னும் இருவர், குடற்புழுவிற்கெனக் கருதிய டைசல்பிரம் என்னும் மருந்தினை முயல்களுக்குக் கொடுத்துத் தீங்கு கண்டிலர். தாமே உண்டு மது அருந்தியபொழுதே முகஞ் சிவந்து, தலை நொந்து, குமட்டலுற்றனர். குடியை வெறுப்பிக்கும் மருந்தாக 1948-ல் அதனை உலகிற்கு அறிவித்தனர். மூளையில் அபின் பற்றுமிடத்தை அடைத்து நிற்கும் நால்ட்ரெக்ஸோன் என்பதோ, மது அருந்தப் பழகிய குரங்குகளின் குடியைக் குறைத்ததென 1980-ல் வெளியாயிற்று. பின்னர் மனிதரிடத்துச் சோதிக்கப்பெற்று, 1994-ல் அமெரிக்காவில் குடிநோய்க்கு ஏற்கப்பட்டது. அபினும் மதுவும் மூளையில் ஓரளவு ஒரே வழியே செல்வன என்பது இதனாற் புலனாயிற்று. எனினும் எலியிடத்து வென்று மனிதரிடத்துத் தோற்ற மருந்துகளும் பல.

சோப்ரா பின்னாளில் காஷ்மீர நாட்டிற் பணியாற்றி, 1973-ல் தேகவியோகமடைந்தார். இவர் குடிநோய்க்கென ஒரு மருந்தும் கண்டுபிடித்தாரல்லர். ஆயினும் சோதியாமல் நம்பலாகாது, நோயாளியைக் காணாமல் தீர்ப்புக் கூறலாகாது என்னும் இரண்டனையும் இவர் வாழ்க்கையினின்று கற்கின்றோம். நம் தெருவில் தள்ளாடி வருபவனைக் கண்டு நகையாது, அவனை வைத்தியரிடம் அழைத்துச் செல்வோமாயின், அதுவே இப்பெரியார்க்கு நாம் செய்யும் வணக்கமாகும்.