பனியில் வழி கண்டவர்

வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவுகளில், ஏறத்தாழ நான்கு மாதம் மறைந்திருந்த கதிரவன் பிப்ரவரியில் மீண்டும் எழுகின்றான். அப்போது பல நாட்டுப் பயணிகள் அங்கே கூடுகின்றனர். தடித்த உடை அணிந்து பனிவண்டிகளில் ஏறுகின்றனர். முன்னே செல்லும் வழிகாட்டியிடம், பனிக்கரடிக்கு அஞ்சித் துப்பாக்கி இருக்கும். பனியாற்றின் பிளவுகளில் வீழ்ந்துவிடாதபடி, அவர் வண்டி பதித்த தடத்திலேயே மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் செல்வர். மார்கழிக் குளிரையே பெரிதாக எண்ணி வளர்ந்த நமக்கு இது கதைபோலத் தோன்றும். ஆனால் அந்த வண்டியின் வரலாற்றில் ஒரு தந்தையின் துயரம் இருக்கிறது. அவரைப் பற்றியே நான் இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஜோசப் ஆர்மன் பொம்பார்டியர் கனடா நாட்டுக் க்யூபெக் மாநிலத்தில், வால்கூர் என்னும் சிற்றூரை அடுத்து 1907-ஆம் ஆண்டு பிறந்தார். எந்தப் பொறியைக் கண்டாலும் பிரித்துப் பார்க்கும் பிள்ளை அவர். தந்தை ஒரு பழைய ஃபோர்டு மோட்டார் எஞ்சினைக் கொடுத்தார். 1922-ஆம் ஆண்டின் கடைசி நாளில், பதினைந்து வயதுச் சிறுவன் அந்த எஞ்சினைச் சறுக்குவண்டியில் பொருத்தி, பின்புறம் மரத்தாலான விசிறி ஒன்றைச் சுழலவிட்டு, தம்பியுடன் தெருவில் ஓட்டினான். ஊரார் வியந்தனர். தந்தையோ சுழலும் விசிறியைக் கண்டு அஞ்சி, வண்டியைக் கலைத்துவிடக் கட்டளையிட்டார்.

மகன் பாதிரியாராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனின் மனமோ பட்டறையிலேயே இருந்தது. குருமடத்தை விட்டு வெளியேறித் தொழில் பழகினார். நூல்களாலும் மாலை வகுப்புகளாலும் அறிவை வளர்த்துக்கொண்டார். 1926-இல் வால்கூரில் சொந்தப் பட்டறை திறந்தார்.

அக்காலத்தில் அங்குக் குளிர்காலம் வந்தால் சாலைகள் பனியில் புதைந்துவிடும். மோட்டார் வண்டிகள் கொட்டகைகளில் உறங்கும். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி கண்டது. மருத்துவமனை ஷெர்புரூக் நகரில் இருந்தது. பனி வழியை அடைத்திருந்தது. பட்டறையில் இருந்த பனிவண்டியோ இன்னும் ஓடும் நிலைக்கு வரவில்லை. குழந்தை இறந்தது.

இத்துயரம் பலரை முடக்கியிருக்கும். அவர் மீண்டும் பட்டறைக்குள் புகுந்தார். பொறியியல் பயிலும் மாணவனான என்னை மிகவும் கவர்வது அவர் கண்ட தீர்வின் எளிமை. விசிறியைக் கைவிட்டு, ரப்பர் உறையிட்ட பற்சக்கரம் ஒன்றை அமைத்து, அது ஓர் அகன்ற பட்டையை இழுத்துச் சுழலும்படி செய்தார். வண்டியின் பாரம் பட்டை முழுவதும் பரவியதால், மென்பனியிலும் வண்டி புதையவில்லை. 1937-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் செல்லும் வண்டியும், பின்னர்ப் பன்னிருவர் செல்லும் வண்டியும் வந்தன. மருத்துவர்களும் தபால்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அவற்றில் சென்றனர்.

1948-இல் மற்றோர் அடி விழுந்தது. சாலைகளில் பனியை அகற்ற அரசு முன்வந்தது. மக்களுக்கு அது நன்மை, அவருக்கோ வாணிப நட்டம். அவர் சோர்ந்து விடவில்லை. காடுகளுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் ஏற்ற வண்டிகளைச் செய்தார். எடை குறைந்த எஞ்சின்கள் கிடைத்ததும் இளமைக் கனவுக்குத் திரும்பினார். அவருடைய மூத்த மகன் ஜெர்மேன், எஃகுத் தண்டுகள் பதித்த தொடர் ரப்பர்ப் பட்டையை உருவாக்கினார். 1959-இல் சிறிய பனிவண்டி பிறந்தது. நாய்வண்டிக்கு மாற்றாக வந்ததால் ‘ஸ்கி-டாக்’ என்று பெயரிட எண்ணினர் என்றும், அச்சுப்பிழையால் அது ‘ஸ்கி-டூ’ ஆயிற்று என்றும் சொல்வர். முதல் வண்டிகளுள் ஒன்று, வட ஒன்டாரியோவில் தொண்டு செய்த பாதிரியார் ஒருவருக்குச் சென்றது. சில ஆண்டுகளிலேயே துருவப் பகுதியின் இனூயிட் வேட்டைக்காரரும், கலைமான் மேய்க்கும் சாமி மக்களும் பனிவண்டியைக் கைக்கொண்டனர்.

1964-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், ஐம்பத்தாறு வயதில், புற்றுநோயால் பொம்பார்டியர் மறைந்தார்.

நண்பர்களே, அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அல்லர். நாம் பெறப்போகிறோம். ஆனால் தம் ஊரின் குறை எது என்பதை அவர் அறிந்திருந்தார். மகனைக் காக்க அந்தப் பொறி உரிய காலத்தில் வரவில்லை. பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்காவது வர வேண்டும் என்பதுபோல் உழைத்தார். நாம் கற்கும் கல்வி எந்த ஊரின் எந்த அடைபட்ட வழியைத் திறக்கப்போகிறது? இந்தக் கேள்வியை எண்ணாமல் அவர் வரலாற்றை என்னால் படிக்க முடியவில்லை.