காற்றைச் சிறைபிடித்த கால்நடை மருத்துவர்

சாலையில் விரையும் வண்டிகளைத் தாங்குவது இரும்பா, ரப்பரா? இரண்டுமல்ல; உள்ளே அடைபட்ட காற்றே ஆகும். அக்காற்றை அடைக்க வழி கண்டவர்களுள் உலகம் மறவாதவர் ஜான் பாய்டு டன்லப்.

1840ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ட்ரெகார்ன் என்னும் சிற்றூரில் பிறந்த டன்லப், கால்நடை மருத்துவம் பயின்று அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் தொழில் நடத்தினார். 1887இல் தம் மகனின் மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓட வழி தேடினார். ரப்பர்த் தகட்டால் குழாய் செய்து, மரவட்டைச் சுற்றிப் பொருத்தி, துணியால் போர்த்தி ஆணியடித்து, கால்பந்துப் பம்பால் காற்றடைத்தார். அதனையும் வண்டியின் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழையது எல்லையை எட்டாமலே சாய்ந்தது. புதியதோ வாயிற்கதவில் மோதித் திரும்பியது! 1888இல் காப்புரிமை பெற்றார். 1889இல் அவருடைய டயர் பூட்டிய மிதிவண்டியில் வில்லி ஹியூம் என்னும் வீரர் பெல்பாஸ்ட் பந்தயங்களில் வென்றார்.

ஆயினும், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845இலேயே இதே கருத்துக்கு உரிமை பெற்றிருந்தமையால் டன்லப்பின் காப்புரிமை செல்லாமற் போயிற்று. வேறொரு குறையும் இருந்தது. டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்ததால் பஞ்சர் ஒட்டுவது பெரும்பாடாயிற்று. 1890இல் வெல்ச் என்பவர் ஓரத்தில் கம்பி பொதிந்த டயரையும் அதற்கேற்ற ரிம்மையும் வகுத்து அக்குறையைத் தீர்த்தார். டன்லப் 1921இல் டப்ளினில் மறைந்தார். அவர் பெயர் உலகெங்கும் பரவியது. பெருஞ்செல்வம் அவரைச் சேரவில்லை.

டியூப் இல்லாத இன்றைய கார் டயரிலும் அக்கம்பி ஓரமே ரிம்மில் அழுந்திக் காற்றைக் காக்கிறது. அங்கே துரு படிந்தால் காற்று மெல்லக் கசியும். பள்ளிப் படிப்பை முடிக்காத என் தந்தை தம் பஞ்சர் கடையில் இதனை நாள்தோறும் சரிசெய்கிறார். ரிம் ஓரத்திலும் வால்விலும் சோப்பு நீர் தடவுவார். குமிழி எழும் இடமே கசிவு. டயரைக் கழற்றி, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, சீலர் பசை பூசி மீண்டும் மாட்டுவார். ரிம்மில் விரிசல் கண்டாலோ பசையைத் தொடவே மாட்டார். ரிம்மை மாற்றச் சொல்லி அனுப்பிவிடுவார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அழுத்தம் என்னும் இயற்பியல் பாடத்தின் முதல் வகுப்பு எனக்கு அக்கடையில்தான் நடந்தது. கண்டுபிடிப்பு ஒருவர் பெயரால் வாழ்கிறது. அதனை ஓடவைப்பவையோ பெயர் அறியப்படாத கைகள். டன்லப்பைப் போற்றும் நாம் அக்கைகளையும் போற்றுவோம்!