பழ ஈயில் மரபைப் படித்த பிரிட்ஜஸ்

ஓர் உயிர் ஆணாவதும் பெண்ணாவதும் எதனால் என்னும் வினா மிகத் தொன்மையானது. உணவு, வெப்பம் எனப் பலவற்றைக் காரணமாகக் கருதிவந்த உலகிற்கு, உயிரணுவின் உட்கருவிலுள்ள குரோமோசோம்களே பெரும்பாலான உயிர்களில் விடை தருகின்றன என்பதை 20ஆம் நூற்றாண்டு உணர்த்தியது. பழ ஈயில் அவ்விடையைத் தெளிவாக்கியவர் கால்வின் பிரிட்ஜஸ்.

இளமையும் கல்வியும்

பிரிட்ஜஸ் 1889ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஸ்கைலர் ஃபால்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயையும் தந்தையையும் இழந்த அவரைப் பாட்டியே வளர்த்தார். 1909ஆம் ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்புச் செலவை ஈடுகட்ட, பேராசிரியர் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வகத்தில் ஈ வளர்க்கும் பால் புட்டிகளைக் கழுவும் பணியை ஏற்றார். தடித்த கண்ணாடிக்கு அப்பால், வழக்கத்திற்கு மாறான கண்ணிறம் கொண்ட ஓர் ஈயை அவர் கண்டறிந்தார். அக்கூர்மையை உணர்ந்த மார்கன், அவரை ஆய்வுப் பணியில் அமர்த்திக்கொண்டார்.

விதிவிலக்கு காட்டிய உண்மை

பழ ஈயில் நான்கு இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் ஓர் இணை, பெண் ஈயில் இரண்டு எக்ஸ் ஆகவும், ஆண் ஈயில் ஓர் எக்ஸ், ஓர் ஒய் ஆகவும் அமையும். வெண்கண் தாயும் செங்கண் தந்தையும் கலந்தால் மகள்கள் செங்கண்ணும் மகன்கள் வெண்கண்ணும் பெறுதல் வேண்டும். ஆயினும், அரிதாகச் சில மகள்கள் வெண்கண்ணோடும், சில மகன்கள் செங்கண்ணோடும் தோன்றினர். பிறர் பிழையென ஒதுக்கியிருக்கக்கூடிய அவ்விதிவிலக்கை அவர் விடவில்லை. முட்டை உருவாகும்போது தாயின் இரு எக்ஸ் குரோமோசோம்களும் பிரியாமல் ஒன்றாகச் சென்றிருக்கும் எனக் கணித்தார். நுண்ணோக்கி அதனை மெய்ப்பித்தது. வெண்கண் மகள்களிடம் இரண்டு எக்ஸோடு ஓர் ஒய்யும் இருந்தது, செங்கண் மகன்களிடம் ஓர் எக்ஸ் மட்டுமே இருந்தது, ஒய் இல்லை. அவை ஆண்களே எனினும் மலட்டுத்தன்மை உடையவை. எனவே, பழ ஈயில் ஆண்மையைத் தருவது ஒய் அன்று. இனப்பெருக்க ஆற்றலுக்கே அது தேவை. 1916ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வாய்வு, மரபணுக்களைத் தாங்கி நிற்பவை குரோமோசோம்களே என்பதையும் உறுதிசெய்தது.

சமநிலைக் கோட்பாடு

1921ஆம் ஆண்டில் மும்மடிக் குரோமோசோம் கொண்ட ஈக்களை அவர் ஆராய்ந்தார். எக்ஸ் எண்ணிக்கையை உடற்குரோமோசோம் தொகுதிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஈவு 1 எனில் பெண், 0.5 எனில் ஆண். இரண்டு எக்ஸும் மூன்று தொகுதிகளும் அமைந்தால், இருபால் பண்புகளும் கலந்த இடைப்பால் ஈ தோன்றியது. இக்கண்டுபிடிப்பு மரபணுச் சமநிலைக் கோட்பாடு எனப்பட்டது. மனிதரில் நிலை வேறு. இரண்டு எக்ஸோடு ஒய் இருப்பின் பொதுவாக ஆணுடலே உருவாகும். ஓர் உயிரின் விதியை மற்றோர் உயிருக்கு ஆராயாமல் பொருத்தலாகாது என்பதற்கு இது சான்று.

நிறைவாழ்வு

1928ஆம் ஆண்டு மார்கனுடன் கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்திற்குச் சென்ற பிரிட்ஜஸ், 1935ஆம் ஆண்டு ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களை நுட்பமான வரைபடங்களாக்கினார். 1933ஆம் ஆண்டு நோபல் பரிசு மார்கனுக்கே கிடைத்தது. அப்பரிசுத் தொகையில் ஒரு பங்கை மார்கன் பிரிட்ஜஸின் பிள்ளைகளுக்கும் அளித்தார். 1938 டிசம்பர் 27ஆம் நாள், தம் 49ஆம் அகவையில் பிரிட்ஜஸ் மறைந்தார். பொருந்தாத ஒன்றைப் புறந்தள்ளாது உற்றுநோக்கிய அவரது பொறுமையே, மரபியலுக்கு அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம்.