ரிச்சர்ட் பிரைட்: ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவர்த்தியும்

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம் குடியிருப்பில் நிறையப் பேர் இருக்கிறோம். டாக்டர் எழுதித் தரும் பரிசோதனைகளில் யூரின் ஆல்புமின் என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை அளவை மட்டும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுவோம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மருத்துவரின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது.

ரிச்சர்ட் பிரைட் 1789ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். தந்தை வசதியான வணிகர், வங்கித் தொழிலும் செய்தவர். மகனோ எடின்பரோவில் மருத்துவம் படிக்கப் போனார். படிக்கும் காலத்திலேயே, 1810இல், ஐஸ்லாந்து சென்ற ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்து அங்குள்ள செடிகொடிகளையும் விலங்குகளையும் பற்றிக் குறிப்பெடுத்தார். பிறகு ஹங்கேரியைச் சுற்றிப் பார்த்து 1818இல் ஒரு பயண நூல் வெளியிட்டார். அதற்குப் படங்களும் அவரே வரைந்தார். கண்ணால் கண்டதை அப்படியே பதிவு செய்யும் இந்தப் பழக்கம்தான் பின்னால் அவருக்குக் கைகொடுத்தது.

1820இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். கால் வீங்கி, முகம் ஊதி வரும் நோயாளிகள் அங்கே ஏராளம். அந்த வீக்கத்தையே ஒரு நோயாகக் கருதிய காலம் அது. பிரைட் நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் சூடாக்கிப் பார்ப்பார். புரதம் கலந்திருந்தால், முட்டையின் வெள்ளைக் கரு வெந்தது போல வெளுத்துத் திரளும். இதை அவருக்கு முன்பே சிலர் கவனித்திருந்தார்கள். ஆனால் கோளாறு எந்த உறுப்பில் என்று உறுதியாகக் காட்டியவர் பிரைட்தான்.

அவர் வழி எளிமையானது. நோயாளி உயிரோடு இருந்தபோது எடுத்த குறிப்புகளையும், இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்ததையும், பேங்கில் இரண்டு லெட்ஜர்களை வைத்து டாலி பார்ப்பது போல ஒப்பிட்டார். வீக்கமும் சிறுநீரில் புரதமும் சேர்ந்து இருந்தவர்களின் சிறுநீரகங்கள் கெட்டுப்போயிருந்தன. இதை 1827இல் வண்ணப் படங்களோடு நூலாக வெளியிட்டார். 1842இல் சிறுநீரக நோயாளிகளுக்கென்றே இரண்டு வார்டுகளும், பக்கத்திலேயே ஓர் ஆய்வுக்கூடமும் அவருக்கு ஒதுக்கப்பட்டன. அந்த நோய்க்கே பிரைட் நோய் என்று பெயர் நிலைத்தது.

புரதம் எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்பதைக் காண அவருக்கு வழியில்லை. நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் மெல்லிய ரத்தக் குழாய்களின் ஒரு முடிச்சு. போடோசைட் எனப்படும் செல்கள் அந்தக் குழாய்களின் மேல் விரல்களைக் கோத்தது போலப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. விரல் இடுக்குகள் வழியே நீரும் கழிவும் போகும், புரதம் ரத்தத்திலேயே தங்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின், 1950களில்தான் இந்த நுட்பம் தெளிவாகத் தெரிந்தது. சர்க்கரை நோய் போன்றவற்றால் இந்தச் செல்களின் பிடி தளர்ந்தால் புரதம் ஒழுகத் தொடங்கும். இவை உதிர்ந்துபோனால் உடல் அவற்றை எளிதில் ஈடுசெய்வதில்லை.

நோயைக் கண்டுபிடித்த பிரைட்டால் அதைக் குணப்படுத்த முடியவில்லை. ரத்தம் எடுப்பதும் பேதிக்குக் கொடுப்பதும்தான் அன்றைய வைத்தியம். தன்னிடம் வந்தவர்கள் பலர் இறப்பதைப் பார்த்தபடியே தொடர்ந்து குறிப்பெடுத்தார். 1858 டிசம்பரில் இதய நோயால் காலமானார்.

அவருக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. ஒழுகலைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால், அதைக் குறைத்துச் சிறுநீரகத்தைப் பல ஆண்டுகள் காப்பாற்ற மருந்துகள் உண்டு. ஆனால் சிறுநீரகம் வலித்துக் கூப்பிடாது. கால் வீங்கும்வரை காத்திருந்தால் பெரும்பகுதி போயிருக்கலாம். ஆகவே சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள், கடைசியாக யூரின் ஆல்புமின் எப்போது பார்த்தோம் என்று இன்றே பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஓராண்டுக்கு மேலாகியிருந்தால் அடுத்த முறை டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.